மெனாண்டர் வீட்டில் எது எங்கே கிடந்தது

இத்தாலியின் பாம்பேய் நகரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கும் பெரிய வீட்டுக்கு மெனாண்டர் வீடு என்று பெயர். மெனாண்டர் அங்கே குடியிருந்தவர் அல்ல. அவர் ஏதென்ஸ் நகரத்து நகைச்சுவை நாடகாசிரியர். வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் புதைந்த கி.பி. 79-க்கு ஏறக்குறைய 370 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். வீட்டின் பின்பகுதியில், தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மாடத்தின் சுவரில் அவரை வரைந்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையில் சுருளைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் பெயரும் எழுதியிருக்கிறது. அகழ்ந்தவர்கள் அந்தப் பெயரையே வீட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

பாம்பேயின் பல வீடுகளுக்குப் பெயர் வந்த கதை இதுதான். ஓர் ஓவியமோ சிலையோ கிடைத்தால் அதுவே வீட்டின் பெயராகிவிடும். அதனால் ஆய்வாளர்கள் எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். 1860களில் அகழாய்வின் பொறுப்பில் இருந்த ஜுசெப்பே ஃபியோரெல்லி நகரத்தை வட்டாரம், மனைத்தொகுதி, வாசல் என்று பிரித்து எண்ணிட்டார். அந்த முறைப்படி இந்த வீடு முதல் வட்டாரம், பத்தாம் தொகுதி, நான்காம் வாசல். சுமார் 1,800 சதுர மீட்டர். தன் தொகுதியில் பாதிக்கு மேல் இதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் சின்னதாக இருந்த வீடு, அக்கம்பக்கத்து மனைகளை விழுங்கி விழுங்கி இந்த அளவுக்கு வளர்ந்தது.

1926-இலிருந்து 1932 வரை இதைத் தோண்டியவர் அமெதேயோ மையூரி. நீண்ட காலம் பாம்பேய் அகழாய்வுகளின் தலைவராக இருந்தவர். இந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கே கிடைத்த வெள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வெள்ளி அப்படிப்பட்டது. ஆனால் அந்த வெள்ளி எந்த இடத்தில், எந்த நிலையில் இருந்தது, அதே வீட்டில் வேறு எதெல்லாம் எங்கெங்கே கிடந்தது என்று சேர்த்துப் பார்க்கும்போதுதான் இது வெறும் புதையல் கதையாக நில்லாமல் ஒரு வீட்டின் கதையாக மாறுகிறது. எனக்கு இந்த வீடு பிடித்துப்போனது அதனால்தான்.

முதலில் வாசல். தெருவோரம் சுவரை ஒட்டித் திண்ணை கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரரின் தயவை எதிர்பார்த்துக் காலையில் வந்து காத்திருப்பவர்கள் உட்கார அது. ரோமானிய செல்வந்தர் ஒருவருக்கு எத்தனை பேர் வாசலில் காத்திருக்கிறார்கள் என்பது அவருடைய மதிப்புக்கு ஓர் அளவுகோல். கதவைத் தாண்டினால் கூடம். கூரையின் நடுவே திறப்பு, அதற்கு நேர் கீழே மழைநீர் விழும் தொட்டி. கூடத்தின் மூலையில் வீட்டுத் தெய்வங்களுக்கு ஒரு சிறு கோயில். வாசலில் நிற்கிறவன் இந்தக் கூடத்தையும், அதைத் தாண்டித் தூண்கள் சூழ்ந்த தோட்டத்தையும் ஒரே நேர்கோட்டில் பார்க்க முடியும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

கூடத்தை ஒட்டிய ஒரு பக்க அறையில் டிராய் நகரம் வீழ்ந்த கதை ஓவியங்களாக இருக்கிறது. பாம்புகள் டிராய் நகரத்துப் பூசாரி லவோகூனையும் அவன் பிள்ளைகளையும் சுற்றி வளைக்கின்றன. மரக்குதிரை நகருக்குள் வருகிறது. வரப்போவதை முன்கூட்டியே சொன்ன இளவரசி கஸாந்திராவின் பேச்சை யாரும் கேட்கவில்லை. கிரேக்கக் கதைதான், ஆனால் ரோமானியர்கள் இதைத் தங்கள் சொந்தப் பூர்வகதையாகவே எடுத்துக்கொண்டார்கள். எரியும் டிராயிலிருந்து தப்பி வந்த ஈனியாஸின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், விருந்தாளி முதலில் நுழையும் பகுதியில் இந்தப் படங்கள் ஏன் என்பது விளங்கும்.

தோட்டத்தின் பின்பக்க மூலை ஒன்றில் மையூரி கண்டுபிடித்தது எனக்கு வெள்ளியைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அங்கே ஒரு சிறிய பலிபீடம், அதன் பின்னால் ஒரு மாடம். மாடத்தை நிறைத்திருந்த இறுகிய சாம்பலுக்குள் வெற்றிடங்கள் தென்பட்டன. பாம்பேயில் இப்படி வெற்றிடம் தென்பட்டால் உடனே தோண்டிவிடக் கூடாது என்பதை 1863-இலேயே ஃபியோரெல்லி காட்டியிருந்தார். உடல் மட்கிப்போன குழிக்குள் சாந்துக் குழம்பை ஊற்றி, அது இறுகிய பிறகு சுற்றியுள்ள சாம்பலை உடைத்தால், இறந்தவரின் உருவம் அப்படியே கிடைக்கும். மையூரியும் அதையே செய்தார். கிடைத்தவை சிறு உருவங்கள், பெரும்பாலும் தலைகள். மரத்திலோ மெழுகிலோ செய்து வைத்திருந்த மூதாதையர் உருவங்கள் அவை.

ரோமானியப் பெருங்குடும்பங்கள் இறந்த முன்னோரின் உருவங்களை மெழுகில் செய்து வீட்டில் வைத்திருந்த பழக்கத்தை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அந்த பிளினி இதே எரிமலை வெடிப்பில் இறந்தவர். எழுத்தில் மட்டும் தெரிந்திருந்த ஒரு வழக்கத்துக்கு, ஒரு வீட்டின் மூலையில், பொருள் முழுவதும் அழிந்துபோன பிறகும் அதன் வடிவம் கிடைத்திருக்கிறது. தோண்டிய தொழிலாளி கொஞ்சம் அவசரப்பட்டு மண்வெட்டியைப் போட்டிருந்தால் அங்கே ஒன்றும் இருந்ததாகவே நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, வெள்ளிக்கு வருவோம். வீட்டின் மேற்குப் பக்கத்தில் சொந்தக் குளியலறைகள் இருந்தன. தரைக்கு அடியிலே சூடான காற்று ஓடும்படி கட்டிய வெந்நீர் அறையும் உண்டு. அதன் வாசலில், இரண்டு கைகளிலும் நீர்க்குடம் பிடித்துப் போகும் கறுப்பு நிற ஆள் ஒருவனை வண்ணக் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். கி.பி. 62 வாக்கில் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் பாம்பேயில் பல கட்டடங்கள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தன. இந்தக் குளியல் பகுதியும் 79-இல் பயன்பாட்டில் இல்லை, பழுதுபார்க்கும் நிலையில் கிடந்தது. அதன் அடியில் ஒரு நிலவறை. 1930 டிசம்பர் 4 அன்று அங்கேதான் ஒரு மரப்பெட்டியின் எச்சம் வெளிப்பட்டது.

உள்ளே 118 வெள்ளிப் பாத்திரங்கள். சுமார் 24 கிலோ. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். சாப்பிடும் தட்டுகள், கிண்ணங்கள், கரண்டிகள் ஒரு வகை. குடிக்கும் கோப்பைகள் இன்னொரு வகை. ரோமானியர்கள் இந்த இரண்டையும் தனித்தனிப் பெயர் சொல்லியே பிரித்தார்கள், விருந்து வைக்கிறவனிடம் இரண்டும் இருக்கவேண்டும். கோப்பைகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருந்தன. ஹெர்குலிஸின் சாகசங்கள் செதுக்கிய ஜோடி, மார்ஸ், வீனஸ் என்ற ரோமானியத் தெய்வங்கள் இருக்கும் கோப்பை என்று நீள்கிறது பட்டியல். பின்பக்கம் ஒரு பெண்ணின் தலை செதுக்கிய வெள்ளிக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. அப்புறம் தங்க நகைகள். அவற்றோடு ரோமானியச் சிறுவர்கள் கழுத்தில் அணியும் உருண்டைத் தாயத்து ஒன்று, அதுவும் தங்கத்தில்.

நாணயங்கள் 46. தங்கம் 13, வெள்ளி 33. ரோமானியர்கள் பணத்தைக் கணக்கிட்ட அலகு செஸ்டர்ஸ். ஒரு தங்கக் காசு 100 செஸ்டர்ஸ், ஒரு வெள்ளிக் காசு 4 செஸ்டர்ஸ். ஆக மொத்தம் 1,432 செஸ்டர்ஸ். அந்தக் காலத்தில் ரோமானியப் படையில் சாதாரண சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டிய தொகை. கோயம்புத்தூர், கரூர் பக்கம் புதையல்களில் கிடைத்திருக்கும் ரோமானியக் காசுகளும் இதே இரண்டு வகைதான் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பாத்திரங்களின் மதிப்பை வேலைப்பாட்டை விட்டுவிட்டு வெறும் வெள்ளியாகவே எடை போட்டுப் பார்க்கலாம். பேரரசர் நீரோ காலத்துக் கணக்கில் ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளிக்கு 96 வெள்ளிக் காசு. ஒரு பவுண்டு நம் கணக்கில் சுமார் 327 கிராம். அப்படியானால் 24 கிலோ என்பது ஏறக்குறைய 7,000 காசு, அதாவது 28,000 செஸ்டர்ஸ். சிப்பாய் 31 ஆண்டு உழைத்தாலும் இந்த வெள்ளியை உலோக விலைக்குக்கூட வாங்க முடியாது.

இந்த அளவு வெள்ளி கிடைப்பது அபூர்வம். 1895-இல் பாம்பேய்க்கு வடக்கே பொஸ்கோரேயாலேயில் ஒரு பண்ணை வீட்டில் 109 பொருள் கொண்ட புதையல் கிடைத்தது. அதில் பெரும்பகுதி நாட்டை விட்டே போய் இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெனாண்டர் வீட்டு வெள்ளி மொத்தமாக நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. முழுத் தொகுப்பாக, கிடைத்த இடமும் அடுக்கியிருந்த விதமும் தெரிந்து நம்மிடம் இருப்பது ஆய்வுக்குப் பெரிய பாக்கியம்.

அந்த அடுக்கியிருந்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். எரிமலை கக்கிய நுரைக்கல் வானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் 118 பாத்திரங்களைத் துணியில் சுற்றி உட்கார்ந்து அடுக்கமாட்டார்கள். இது பொறுமையாகச் செய்த வேலை. வெடிப்புக்கு முன்பே, வீட்டில் கொத்தனார்களும் கூலியாட்களும் வந்துபோய்க்கொண்டிருந்த பழுதுபார்ப்புக் காலத்தில், யாரோ கணக்குப் பார்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மையூரியும் அப்படித்தான் நினைத்தார். அது சரியென்றால் வெள்ளிக்கு உரியவர்கள் அப்போது இங்கே விருந்து வைத்துக்கொண்டு வாழவில்லை என்றாகிறது. பாம்பேயிலேயே மிகப் பெரிய விருந்துக் கூடங்களில் ஒன்று இதே வீட்டில்தான் இருக்கிறது. அதில் அன்று யாரும், ரோமானியர் வழக்கப்படி, படுத்துச் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் வீட்டில் யார் இருந்தார்கள்? இதற்குப் பதில் வீட்டின் எதிர்ப்பக்கத்தில், கிழக்கில் இருக்கிறது. அங்கே ஒரு முற்றம், குதிரை மாடுகளைக் கட்டும் இடம், அதற்குத் தெருவிலிருந்து தனி வாசல். வண்டி ஒன்று நின்றிருந்தது. மரம் போய்விட்டது, இரும்புப் பாகங்களை வைத்துச் சக்கரத்தோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மதுவும் எண்ணெயும் அடைக்கும் உயரமான மண்சாடிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஓவியமும் வண்ணக் கல்லும் இருக்கும் பகுதியிலிருந்து இங்கே வருவதற்கு ஒடுக்கமான நடைவழிதான். விருந்தாளியின் பார்வையில் இது படக்கூடாது. வேலை செய்கிறவர்களுக்கோ இதுதான் வீடு.

அந்தப் பக்கத்துச் சிறு அறை ஒன்றில் கட்டிலில் ஒரு ஆணின் எலும்புக்கூடு. பக்கத்தில் ஒரு சிறுமி. அறையில் விவசாயக் கருவிகள், நாணயப் பை, ஒரு வெண்கல முத்திரை. முத்திரையில் குவின்டுஸ் போப்பேயுஸ் ஈரோஸ் என்ற பெயர்.

இந்தப் பெயரைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஈரோஸ் என்பது கிரேக்கப் பெயர், அடிமைகளுக்குப் பரவலாக வைத்த பெயர்களில் ஒன்று. ரோமானியச் சட்டப்படி விடுதலை பெறும் அடிமை தன் எஜமானின் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொள்வான். ஆக, போப்பேயுஸ் குடும்பத்து குவின்டுஸ் ஒருவர் விடுதலை செய்த ஈரோஸ் இவன். நீரோவின் இரண்டாவது மனைவி போப்பேயா சபீனாவின் குடும்பப் பெயரும் போப்பேயுஸ்தான். இதை வைத்து மையூரி ஒரு படத்தை வரைந்தார்: பேரரசியின் உறவுக் குடும்பம் ஒன்றின் வீடு, குடும்பம் வெளியூரில், வீட்டையும் நிலபுலன்களையும் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் ஈரோஸ் தன் கட்டிலிலேயே இறந்துபோனார்.

அழகான படம். எனக்கும் அதை நம்ப ஆசை. ஆனால் முத்திரை என்பது கையில் எடுத்துப்போகும் சின்னப் பொருள். அது கிடைத்த அறையில் இருந்தவருக்கே அது சொந்தம் என்றும், அந்த வீடு அந்தக் குடும்பத்துக்கே சொந்தம் என்றும் சொல்ல இரண்டு தாவல் தாவ வேண்டியிருக்கிறது. பாம்பேயில் வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று எழுதியிருக்கும் பல குறிப்புகள் இப்படி ஒரு முத்திரையையோ சுவர்க் கிறுக்கலையோ நம்பி நிற்பவை. அவற்றைப் படிக்கும்போது ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நாமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு எலும்புக் குவியலும் உண்டு, அதில் சிக்கல் இன்னும் அதிகம். தோட்டத்தை ஒட்டிய அறையிலும் அதன் பக்கத்து நடைவழியிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் கிடந்தார்கள். அவர்களோடு ஒரு கடப்பாறை வகைக் கருவி, ஒரு மண்வெட்டி, ஒரு வெண்கலக் கைவிளக்கு. இரண்டு விதமாக இதைப் படித்திருக்கிறார்கள். வீட்டிலேயே ஒளிந்திருந்தவர்கள், வாசலெல்லாம் நுரைக்கல் அடைத்துக்கொண்டதும் சுவரை இடித்து வெளியேற முயன்றபோது மாண்டார்கள் என்பது ஒன்று. எல்லாம் அடங்கிய பின் மேலிருந்து குழி தோண்டி உள்ளே இறங்கி, பொருள் தேடியவர்கள்மேல் மண் சரிந்துவிட்டது என்பது மற்றது.

எது சரி என்று எப்படித் தீர்மானிப்பது? எரிமலை பொருட்களின் அடுக்கு வரிசைதான் வழி. முதலில் பல மணி நேரம் நுரைக்கல் விழுந்தது, சுமார் மூன்று மீட்டர் உயரத்துக்குக் குவிந்தது. அதன் பிறகுதான் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த அலைகள் மலையிலிருந்து இறங்கி வந்து, மிஞ்சியிருந்த உயிர்களையும் கொன்றன. ஆகவே ஓர் உடல் தரையில் கிடந்து அதன்மேல் நுரைக்கல் இருந்தால் ஒரு கதை. நுரைக்கல்லுக்கு மேல், சாம்பலுக்குள் கிடந்தால் வேறு கதை. அடுக்குகளே கலைந்து குழம்பிப்போயிருந்தால், பின்னால் யாரோ தோண்டியிருக்கிறார்கள். பாம்பேயின் பல வீடுகளில் சுவர்களில் மனிதன் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருப்பது தெரிகிறது. வெடிப்புக்குப் பின் ஆட்கள் திரும்பி வந்து தேடியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. இந்தப் பத்துப் பேர் எந்தக் கூட்டம் என்பதை முடிவு செய்ய, ஒவ்வொரு எலும்பும் எந்த அடுக்கில், எவ்வளவு உயரத்தில் கிடந்தது என்ற குறிப்பு வேண்டும். 1920களில் அதை இன்று எழுதுவதுபோல் நுணுக்கமாக எழுதி வைக்கவில்லை. மையூரி 1933-இல் வெளியிட்ட பெரிய நூல் வெள்ளியையும் ஓவியங்களையும் அக்கறையோடு விவரித்தது. ஆணி, தாழ்ப்பாள், உடைந்த பானை போன்றவற்றுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அந்தக் குறையை நிரப்ப வந்தவர்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். ரோஜர் லிங் தலைமையில் இந்த மனைத்தொகுதியையே சுவர் சுவராக அளந்து மறு ஆய்வு செய்தார்கள். அந்த வரிசையில் பெனலோப் அலிசன் எடுத்துக்கொண்டது, என் கண்ணில், எல்லாவற்றிலும் கடினமான வேலை. அகழாய்வு நாட்குறிப்புகளையும் பொருள் பதிவேடுகளையும் எடுத்து, சாதாரணப் பொருள்கள் ஒவ்வொன்றும் எந்த அறையில் கிடைத்தது என்று தேடித் தேடித் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தார். 2006-இல் அது தனி நூலாக வந்தது. பாம்பேயின் 30 வீடுகளை வைத்து இதே முறையில் இன்னொரு ஆய்வும் செய்திருக்கிறார்.

அதிலிருந்து தெரிந்தது பலருடைய நம்பிக்கையைக் கலைத்தது. லத்தீன் நூல்களைப் படித்தவர்கள் முன்கூடம் என்றால் வரவேற்பு, கௌரவம், பெரிய மனிதர் என்றே எண்ணியிருந்தார்கள். பதிவேடுகளோ அந்தக் கூடங்களில் பெட்டிகளும் அலமாரிகளும் அன்றாடச் சாமான்களும் கிடந்ததைக் காட்டின. நெசவுத் தறியின் மண் குண்டுகள் கிடந்த கூடங்களும் உண்டு. திண்ணையில் காத்திருந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தபோது பளிங்கையும் பார்த்தான், வீட்டு வேலையையும் பார்த்தான். அறைக்குப் பெயர் வைத்து அதற்கு ஒரே ஒரு பயன் சொல்வது நம் பழக்கம், அவர்களுடையது அல்ல.

நிலநடுக்கத்துக்கும் வெடிப்புக்கும் நடுவில் 17 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பாம்பேய் வீடுகள் பல, பாதி குடியிருப்பும் பாதி வேலைத்தளமுமாக இருந்தன. எரிமலை ஒரு வழக்கமான நாளை அப்படியே உறைய வைத்துவிட்டது என்று சொல்வதில் கவர்ச்சி இருக்கிறது, ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை அது பொருந்தாது. வெள்ளி மேசையில் இல்லை, நிலவறையில் இருந்தது. வெந்நீர் அறையில் வெந்நீர் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது, வழக்கமான நாள் எப்போது திரும்பும் என்று காத்திருந்த ஒரு வீடு.

பாம்பேய்க்குப் போகிறவர்கள் இந்த வீட்டில் வெள்ளியைத் தேட வேண்டாம். அது சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி நேப்பிள்ஸில் இருக்கிறது. மெனாண்டரைப் பார்த்துவிட்டு, மூதாதையர் மாடத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு முன்வாசல் வழியே திரும்பிவிடாமல் கிழக்குப் பக்கத்துக்குப் போய், வண்டி நின்ற முற்றத்தைப் பாருங்கள். முத்திரை கிடந்த அறை அந்தப் பக்கம்தான். கட்டிலில் கிடந்தவருக்கு அந்த முத்திரை ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது, சரியோ தவறோ. பக்கத்தில் கிடந்த சிறுமியின் பெயரை யாரும் எதிலும் பொறித்து வைக்கவில்லை.